மாலக்கி டுப்ரிடியும் கினீலி பப்பின் நெருப்பும்

மாலக்கி டுப்ரிடி வாழ்நாளில் ஒரு சொட்டு மது குடித்ததில்லை. சிறுவயதில் கோயிலில் உறுதிபூசுதல் என்ற சடங்கு நடந்த அன்று, ஊர்ப் பையன்கள் எல்லோரோடும் வரிசையில் நின்று, மது தொடமாட்டேன் என்று பாதிரியார் முன்னால் சபதம் எடுத்தான். மீசை முளைப்பதற்குள் மற்றவர்கள் அதை மறந்துவிட்டார்கள். மாலக்கி மறக்கவில்லை. பிடிவாதம் என்று சொல்ல முடியாது. சபதத்தை விட வேண்டிய அவசியம் அவனுக்கு வரவே இல்லை, அவ்வளவுதான். சபதக்காரர்கள் அணியும் இதய வடிவச் சின்னத்தைக் கோட்டில் குத்திக்கொண்டு, கிளேர் மாவட்டத்தின் ஸ்காரிஃப் ஊரிலிருந்து சந்தை சந்தையாக மாட்டு லாரி ஓட்டினான்.

அப்படிப்பட்டவனுக்குப் பித்துப் பிடித்தது பழைய பப்புகளின் மேல். மாடுகளை இறக்கிவிட்டு லாரியைக் கழுவியதும், அந்த ஊரிலேயே பழைய பப் எது என்று விசாரிப்பான். தேடிப் போய், ஒரு மூலையில் டீயோ சிவப்பு லெமனேடோ வாங்கி வைத்துக்கொண்டு, உத்தரத்தையும் சுவரையும் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான்.

அவனோடு ஒரே வீட்டில் இருந்த அண்ணன் செனனுக்கு இது பெரிய வேடிக்கை. "குடிக்கிறவன் எல்லாம் ஒரே பப்புல உட்கார்ந்து ஒழுங்கா குடிக்கிறான். குடிக்காத நீ நாடு பூரா பப்பு தேடி அலையறே. உன்னை டாக்டர்கிட்டே கூட்டிட்டுப் போனா, அவரு குடிக்க ஆரம்பிச்சிடுவாரு" என்பான்.

அது ஆரம்பித்தது கால்வேயில், துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன பப்பில். மாலக்கிக்கு அப்போது இருபத்து நாலு, இருபத்தைந்து வயது இருக்கும். மழைக்கு ஒதுங்கத்தான் போனான். உள்ளே காலெடுத்து வைக்கும்போது வாசற்படிக் கல்லைப் பார்த்தான். நடுவில் கிண்ணம் போலக் குழிந்து, மழைநீர் அதில் தேங்கி நின்றது. இவன் குனிந்து பார்ப்பதைக் கண்டு, உள்ளேயிருந்து ஒரு கிழவர் குரல் கொடுத்தார்.

"என்னப்பா, ஏதாவது கீழே போட்டுட்டியா?"

"இல்லீங்க. இந்தக் கல்லு ஏன் இப்படித் தேஞ்சிருக்கு?"

"கப்பலுக்குப் போனவங்க தேய்ச்சது. அமெரிக்காவுக்குப் போறவங்க இங்கேதான் கடைசியா ஒரு வாய் குடிச்சிட்டுப் போவாங்களாம். எல்லாரும் வெளியே போன கால்தான். உள்ளே திரும்பி வந்த கால் ஒண்ணு ரெண்டு இருந்தா அதிகம்."

மாலக்கியின் அப்பாவோடு பிறந்தவர்களில் ஐந்து பேர் அந்தத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஒருவர் முகத்தையும் அவன் பார்த்ததில்லை. அந்தக் கல்லின் மேல் கால் வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. அகலக் கால் வைத்துத் தாண்டிப் போய் உட்கார்ந்தான். சுடச்சுட டீ வந்தது, குடிக்கத் தோன்றவில்லை. படியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்துதான் தேட ஆரம்பித்தான். மேயோவில் ஒரு பப்பின் முன்பாதியில் மளிகை, பின்பாதியில் சவப்பெட்டி. ஊற்றிக்கொண்டிருந்த கருப்பு பீர் நுரை அடங்குவதற்குள் முதலாளி போய், செத்தவரின் உயரத்தை அளந்துவிட்டு வந்து, மீதியை ஊற்றினார். யாரும் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கார்க்கில் ஒரு பப்பில், பெண்கள் மட்டும் உட்காரும் மர அடைப்பு. ஆண்கள் கண்ணில் படாமல் அவர்கள் குடிப்பதற்காகக் கட்டியது. அதன் பெஞ்சில், தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் கொண்டை ஊசியால் கீறிய கோடுகள். என்ன கணக்கு, யாருக்காக என்று இப்போது சொல்ல ஆள் இல்லை. மாலக்கி அந்தக் கோடுகளின் மேல் விரலை வைத்தும் வைக்காமலும் தடவிப் பார்த்தான். கோயிலில்கூட அவனுக்கு அப்படிச் சிலிர்த்ததில்லை. கோயிலுக்கு ஜனங்கள் முகம் கழுவிக்கொண்டு போகிறார்கள். இங்கே இருக்கிற முகத்தோடு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

கினீலி பப் டிப்பரேரியின் தெற்கு ஓரத்தில், நாக்மீல்டவுன் மலைச்சாலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருந்தது. கூரை தாழ்ந்த வெள்ளைச் சுவர்க் கட்டடம். அதைத் தனியாக நடத்தியவள் டிம்ப்னா கினீலி. கல்யாணம் செய்துகொள்ளாதவள், ஐம்பதைத் தாண்டியவள், உயரமானவள். அவள் நாக்குக்குப் பயந்து போலீஸ்காரர்களே குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள்.

மாலக்கி முதல் தடவை போனது ஒரு பிப்ரவரி மாதம், தொப்பலாக நனைந்திருந்தான்.

"டீ கிடைக்குமா, மிஸ் கினீலி?"

டிம்ப்னா அவன் கோட்டில் இருந்த சின்னத்தைப் பார்த்தாள். "டீயா? இதுக்கு மேலே ரெண்டு மைல் போனா கன்னியர் மடம் இருக்கே, வழியில கண்ணுல படலியா?"

கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாஸி லோனர்கன் சிரித்தான். மலையில் ஆடு மேய்ப்பவன், தினமும் வருகிறவன். "கொடு டிம்ப்னா. குளிர்ல விறைச்சுச் செத்துட்டா நாமதான் தூக்கணும்."

டீ வந்தது. கூடவே வெண்ணெய் தடவிய சோடா ரொட்டியும் வந்தது, கேட்காமலே. கையை நீட்டிக் குளிர்காய்ந்த மாலக்கி, சதுப்பில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டிகள் செக்கச்செவேலென்று கனல்வதைப் பார்த்தான்.

"நல்ல தீ. காலையிலே மூட்டினதா?"

மாஸியின் சிரிப்பு நின்றது. டிம்ப்னாதான் பதில் சொன்னாள்.

"இதை மூட்டினவங்க யாருன்னு தெரியாது, லாரிக்காரரே. நூறு வருஷத்துக்கு மேலே ஆச்சே பெரும் பஞ்சம், அதுக்கும் முன்னாடியே எரிஞ்சது. எங்க அப்பாவுக்கு அவர் அப்பா சொன்னது, அவருக்கு அவர் அம்மா சொன்னது. ராத்திரி கங்கைச் சாம்பலால மூடுவோம், காலையிலே கிளறி எடுப்போம். இதுவரைக்கும் இந்த வீட்டிலே யாரும் தீக்குச்சி கிழிச்சதில்லை."

மாலக்கி நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டான். பஞ்சத்தில் சோளக்கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் இதே தீயில் கை காய்ந்திருப்பார்கள். சுதந்திரச் சண்டைக் காலத்தில் மலையில் ஒளிந்திருந்தவர்கள் ஈரக் காலணியை இதன் முன்னால் உலர்த்தியிருப்பார்கள். கல் தேயும், மரம் இற்றுப்போகும். இது மட்டும் அன்றைக்கு இருந்த அதே சூட்டோடு இவன் முகத்தில் படுகிறது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"பாரு, ஜெபம் பண்ணப் போறான்" என்றான் மாஸி.

"பண்ணட்டும்" என்றாள் டிம்ப்னா. "அதும்மேலே துப்பினவனைவிட இவன் தேவலை."

துப்பினவன் டேவி ஹாக்கெட். மேட்டு வீட்டுக்காரன். கதையை மாஸி பிற்பாடு தணிந்த குரலில் சொன்னான். சீட்டாட்டத்தில் யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று கத்திய டேவி, ஆத்திரத்தில் கணப்புத் தீயில் காறித் துப்பிவிட்டான். டிம்ப்னா அந்த நிமிஷமே அவனை வெளியே போகச் சொன்னாள். இனி உயிருள்ளவரை உள்ளே வராதே என்றாள். அவனும் வரவில்லை. டேவி செத்தபோது, சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் சாவுக்குப் போனார்கள், டிம்ப்னா போகவில்லை. சாவுக்குப் போகாதது அந்தப் பக்கத்தில் சாமானியமான விஷயம் இல்லை. டேவியின் மனைவி நோனி அதற்கப்புறம் பப் இருக்கும் திசையில் முகத்தைக்கூடத் திருப்பாமல் பூசைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள்.

அதன் பிறகு, அந்தப் பக்கம் எந்தச் சந்தைக்குப் போனாலும் மாலக்கி மலைச்சாலையைச் சுற்றிக்கொண்டுதான் ஊர் திரும்புவான். "சுத்துவழி" என்று மாட்டுக்காரர்கள் முணுமுணுப்பார்கள். வருஷங்கள் இப்படியே போயின. டிம்ப்னா அவனுக்கென்றே ஒரு நீலக் கோப்பையைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள். "வந்துட்டார் மடத்துத் தலைவர்" என்று சொல்லிக்கொண்டே அதில் டீ ஊற்றுவாள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஜனவரி. காலையிலிருந்தே காற்று கிளம்பிவிட்டது. காலி லாரியோடு மலை ஏறிய மாலக்கி, வண்டி ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்து, கினீலி பப்பிலேயே நிறுத்திவிட்டான். உள்ளே டிம்ப்னாவும் மாஸியும் மட்டும் இருந்தார்கள். மத்தியானம் கழிந்த சமயம், பின்னால் நின்ற பெரிய பீச் மரம் முறிந்து கூரையின் மேல் சாய்ந்தது. புகைபோக்கி பாதியில் உடைந்து, கற்கள் உள்பக்கமாகச் சரிந்தன. கணப்பிலிருந்து புகை அறை முழுக்கப் பொங்கியது.

தீயணைப்பு வண்டி கீழ் ஊரிலிருந்து வந்து சேர்ந்தது. அதிகாரி இளவயதுக்காரர், மரியாதையாகப் பேசினார். "மிஸ் கினீலி, மன்னிச்சுக்குங்க. புகைபோக்கி உடைஞ்சிருக்கு. ஒரு பொறி கூரைக்குள்ளே போனா வீடே போயிடும். தீயை அணைச்சே ஆகணும்."

"என்னை அணைச்சிட்டு அப்புறம் அதை அணைங்க" என்றாள் டிம்ப்னா. கணப்புக்கு முன்னால் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். இருமல் அவளை உலுக்கியது, நகரவில்லை.

மாலக்கிக்கு அந்த நேரத்தில் எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று அவனுக்கே தெரியாது. "அணைக்க வேணாம். எடுத்துட்டுப் போயிடலாம்" என்றான். "மரம் விழுந்தது வீட்டு மேலேதானே. தீ வேற வீட்டுல இருக்கட்டும்."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். டிம்ப்னாதான் முதலில் அசைந்தாள். ரொட்டி சுடும் மூணு கால் இரும்புச் சட்டியைத் தூக்கி வந்தாள். இடுக்கியால் ஒவ்வொரு கங்காக எடுத்து அதில் அடுக்கினாள். மேலே சாம்பல் தூவினாள். மூடியைத் தேடினால், அது சரிந்த கற்களுக்கு அடியில் கிடந்தது, இரண்டாக உடைந்து. மாலக்கி தன் கோட்டைக் கழற்றிச் சட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு மழைக்குள் இறங்கினான். பின்னால் தண்ணீர் பீய்ச்சும் சத்தம் கேட்டது. டிம்ப்னா திரும்பிப் பார்க்கவில்லை.

லாரியின் முன்பக்கத்தில், டிம்ப்னாவின் காலடியில் ஒரு கற்பலகை மேல் சட்டியை வைத்தார்கள். மாஸி நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தான். "என் வீட்டுக்கு விடு" என்றான். சொன்னவனே அடுத்த நிமிஷம் தலையில் அடித்துக்கொண்டான். "ஐயோ, போன வருஷம்தான் கணப்பை அடைச்சுட்டு மின்சார ஹீட்டர் வச்சேன்!"

அடுத்த வீட்டிலும் ஹீட்டர்தான். அதற்கடுத்த வீட்டில் எண்ணெய் அடுப்பு. அந்தச் சாலையில் எல்லோரும் கணப்பை எப்போதோ மூடியிருந்தார்கள். டிம்ப்னாவுக்கும் மாஸிக்கும் அது தெரியும், ஆனால் இப்படி ஒரு நாள் வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. வழி நடுவில் ஒரு மரக்கிளை விழுந்து கிடந்தது. மூவரும் இறங்கி இழுத்துப் போட்டார்கள். திறந்திருந்த கதவு வழியாகச் சாய்ந்தடித்த மழை உள்ளே புகுந்ததை யாரும் கவனிக்கவில்லை.

மறுபடி ஏறி உட்கார்ந்ததும் மாஸி சொன்னான், யாரையும் பார்க்காமல்: "மேட்டு வீட்டுல இன்னும் கரிமண்தான் எரியுது. புகையைத் தினமும் பார்க்கிறேன்."

டிம்ப்னா காலடியில் இருந்த சட்டியைப் பார்த்தாள். மழை கண்ணாடியில் அறைந்துகொண்டிருந்தது. "ஓட்டு" என்றாள்.

நோனி ஹாக்கெட் கதவைத் திறந்தபோது, வாசலில் சட்டியைக் கட்டிப்பிடித்தபடி மாலக்கி, அவனுக்குப் பின்னால் தலைமுடி முகத்தில் ஒட்டிக்கிடக்க டிம்ப்னா. நோனி குள்ளமானவள், ஏப்ரனில் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாலக்கிதான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னான். நோனி அவனைப் பார்க்கவே இல்லை. அவள் பார்வை டிம்ப்னாமேல் இருந்தது.

"உள்ளே கொண்டாங்க. மழையிலே நின்னு பேசினா எது பிழைக்கும்?" என்றாள்.

சமையலறைக் கணப்பின் முன்னால் சட்டியை வைத்தார்கள். நோனி இடுக்கியால் சாம்பலை விலக்கினாள். ஈரச் சாம்பல் சேறாகியிருந்தது. அடியில் கருப்புக் கட்டிகள். ஒன்றை உடைத்தாள், உள்ளேயும் கருப்பு. இன்னொன்று. அதுவும் அப்படியே. டிம்ப்னா மண்டியிட்டு, வெறும் கையால் சட்டிக்குள் துழாவினாள். முழங்கை வரை சாம்பல் ஆனது. எந்தச் சூடும் இல்லை.

நான் எடுத்துப் போகலாம் என்று சொல்லாமல் இருந்திருந்தால் என்று மாலக்கி நினைத்தான்; அப்போதும் அணைந்துதான் போயிருக்கும் என்று தெரிந்தும் நினைத்தான். அவன் கையில் அணைந்திருக்கிறது.

"என்னோட போச்சு" என்றாள் டிம்ப்னா. அந்தக் குரலை மாஸிகூட அதற்கு முன் கேட்டதில்லை. "அத்தனை பேரு காப்பாத்திக் குடுத்தாங்க. என்னோட போச்சு."

நோனி சட்டியைத் தள்ளி வைத்தாள். "எழுந்திரு, டிம்ப்னா."

"என்னை விட்டுடு நோனி."

"எழுந்திருன்னு சொல்றேன். இந்த வீட்டைக் கட்டினது யாரு தெரியுமா உனக்கு? என் வீட்டுக்காரரோட தாத்தா. கட்டி முடிச்சு முதல் தீ வைக்கிறப்போ, எங்கேருந்து எடுத்து வந்தாருன்னு தெரியுமா?"

டிம்ப்னா தலையை நிமிர்த்தினாள்.

"உங்க கணப்புலேருந்துதான். மம்பட்டியில அள்ளிட்டு வந்தாரு. அப்போ அதானே பழக்கம்? நான் கல்யாணமாகி வந்த அன்னிக்கு என் மாமியார் அந்த இடுக்கியை என் கையிலே குடுத்து, 'இது கினீலி வீட்டுத் தீ, அணைய விடாதே'ன்னு சொன்னாங்க. நான் விடலை. மகன் வீட்டைச் சூடாக்க ரேடியேட்டர் போட்டுத் தந்தான். அது ஒரு பக்கம் இருக்கு. இது ஒரு பக்கம் எரியுது."

கணப்பில் ஒரு கட்டி பிளந்து உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. மாலக்கி அதையே பார்த்தான். மலைச்சரிவில் இரண்டு வீடு. ஒன்றின் வாசலை இன்னொன்று மிதிக்காத அத்தனை வருஷமும், இரண்டு வீட்டுக்குள்ளும் ஒரே நெருப்பு எரிந்திருக்கிறது. சந்தைக்குச் சந்தை நாடெல்லாம் தேடிப் பார்த்தவனுக்கு, இப்படி ஒன்று அடுத்த வளைவில் இருந்தது தெரியவில்லை. கண்ணில் நீர் வழிந்ததை அவன் துடைக்கவில்லை. மழைநீர் என்று மற்றவர்கள் எண்ணியிருக்கலாம்.

டிம்ப்னா இன்னும் தரையில்தான் இருந்தாள். "டேவி துப்பினது..."

"தப்புதான். எனக்கு அன்னிக்கே தெரியும். அதே தீதானே இங்கேயும் இருக்குன்னு சொல்லி, ராத்திரி பூரா நான் அவரை வாங்கின வாங்கு அவருக்குத்தான் தெரியும்." நோனியின் குரல் அங்கே கொஞ்சம் உடைந்தது. "ஆனா சாவுக்கு வந்திருக்கலாம் நீ."

"வந்தேன் நோனி. உங்க வளைவு வரைக்கும் வந்தேன். கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு. நீ முகத்துல கதவைச் சாத்திடுவேன்னு பயந்து திரும்பிட்டேன்."

"நீயா? பயந்தியா?"

"ஆமா."

நோனி கெட்டிலைக் கணப்புக் கொக்கியில் மாட்டினாள். "மாஸி, அந்தக் கதவைச் சாத்து. லாரிக்காரரே, நீங்க யாருன்னு இன்னும் எனக்குத் தெரியாது. உட்காருங்க. விஸ்கி ஒரு வாய் ஊத்தட்டுமா? நடுங்குறீங்களே."

"அவருக்கு டீ" என்றாள் டிம்ப்னா தரையிலிருந்தபடியே. "அவரு மடத்துத் தலைவர்."

முதலில் சிரித்தது நோனிதான். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், நிறுத்த முடியாமல், அழுகைக்கும் சிரிப்புக்கும் வித்தியாசம் தெரியாத சிரிப்பு.

புகைபோக்கியைத் திருப்பிக் கட்டி முடிக்க வசந்தம் ஆகிவிட்டது. ஈஸ்டருக்கு மறுநாள் நெருப்பை மீண்டும் கொண்டுவருவது என்று முடிவானது. மாலக்கி வேலையை மாற்றி வைத்துவிட்டு வந்தான்; சிரித்துக்கொண்டே கிளம்பிய செனனும் கூட வந்தான். மலையின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஜனங்கள் வந்து சாலையோரம் நின்றார்கள். அறிவித்தவர் யாரும் இல்லை.

நோனி மம்பட்டியில் கங்குகளை ஏந்திக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். யாரையும் தொட விடவில்லை. டிம்ப்னா பக்கத்தில் நடந்தாள், காற்றுப் படாமல் சால்வையை விரித்துப் பிடித்தபடி. வழி நெடுக ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். கங்கின் மேல் நீலமாக ஒரு சிறு புகை எழுந்து, போகிற வழியெல்லாம் கரிமண் வாசனையை விட்டுப் போனது. மாலக்கியின் கையைப் பக்கத்தில் யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். திரும்பிப் பார்த்தான். செனன்.

"ஏண்டா, இத்தனை வருஷமா இதைத்தான் பார்க்கப் போயிட்டு இருந்தியா?" என்று கேட்டான் செனன். குரலில் கேலி இல்லை.

மாலக்கி தலையை ஆட்டினான்.

பப்புக்குள் நோனி நுழைந்தாள். குனிந்து, புதிதாகக் கட்டிய கணப்பின் நடுவில் கங்குகளைச் சரித்தாள். டிம்ப்னா அவற்றைச் சுற்றிக் கட்டிகளை நிறுத்தி வைத்தாள். பிறகு இரண்டு பேரும் அடுத்தடுத்து உட்கார்ந்து காத்திருந்தார்கள். வெளியே நின்ற கூட்டமும் காத்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் புதிய புகைபோக்கியிலிருந்து புகை கிளம்பியது; அன்றைக்குக் காற்றே இல்லாததால் நேராக மேலே ஏறியது. மேட்டில் நோனி வீட்டுப் புகையும் அதே போல் நேராக ஏறிக்கொண்டிருந்தது. மாலக்கி சாலையின் நடுவில் நின்று, கழுத்து வலிக்கும்வரை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

அதற்குப் பிறகு அவன் இன்னும் நூற்றுக்கணக்கான பப்புகளில் உட்கார்ந்திருக்கிறான். செனனும் பல தடவை கூடப் போனான். டிம்ப்னாவும் நோனியும் சாகும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்தே பூசைக்குப் போனார்கள். லாரியை விற்ற பிறகு, முதியோருக்கான இலவச பஸ் பாஸை வைத்துக்கொண்டு மாலக்கி இன்றும் புறப்பட்டுவிடுகிறான். சென்ற மாதம் டோனிகலில் ஒரு மீனவர் பப். அதன் உத்தரம், கரையில் ஒதுங்கிய கப்பலின் பாய்மரமாம். இரண்டு நாள் அங்கேயே தங்கிவிட்டான்.